குதிரைக்கு இதயத்துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, சவாரி செய்யலாமா?

கேட்டவர்:
ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை ஒன்றை எங்கள் சவாரிப் பள்ளியில் வைத்திருக்கிறோம். போன மாதத்திலிருந்து கேன்டர் (மிதவேகப் பாய்ச்சல்) போட்டாலே மூச்சு வாங்குகிறது. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை, கொள்ளில் மிச்சம் வைப்பதில்லை. டாக்டர் காது வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு விட்டு விட்டு வருகிறது, ஈசிஜி எடுக்கணும் என்றார். குதிரையைப் பராமரிக்கும் எங்கள் சைஸ் அண்ணனோ, ரேஸ் குதிரைக்கு அப்படித்தான் இருக்கும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில் (கால்நடை மருத்துவர்):
பொதுவாகச் சொன்னால் சைஸ் அண்ணன் பேச்சிலும் உண்மை உண்டு. நல்ல பயிற்சியில் இருக்கும் குதிரைக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடியால் நடுவில் ஒரு துடிப்பு விட்டுப்போவது சகஜம். கொஞ்சம் டிராட் (துள்ளுநடை) போட்டால் அது சரியாகிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, அப்படியில்லை, எந்த ஒழுங்கும் இருக்காது, ஓடவிட்டாலும் சீராகாது. உங்கள் குதிரைக்கு மூச்சும் வாங்குகிறதே, அதனால் ஈசிஜி வரும்வரை யாரும் ஏற வேண்டாம்.

கேட்டவர்:
ஃபிப்ரிலேஷனேதான் சார். ஓய்வில் துடிப்பு 40, எக்கோ (இதய ஸ்கேன்) சுத்தம். துடிப்பைச் சீராக்கும் குயினிடின் மருந்தைக் கொடுத்தால் செத்துப்போகும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில் (கால்நடை மருத்துவர்):
40 நல்ல செய்தி. 60-க்கு மேல் இருந்தால் இதயமே பலவீனமாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவோம், அப்போது குயினிடின் பக்கமே போகமாட்டோம். ஆபத்து உண்டுதான்: வயிற்றுப்போக்கு, கோலிக் (கடும் வயிற்றுவலி), மூக்குச் சவ்வு வீக்கம், திடீர்ப் படபடப்பு. அதனால்தான் ஆஸ்பத்திரியில் ஈசிஜி ஓடிக்கொண்டிருக்க, கிலோவுக்கு 22 மில்லிகிராம் வீதம் மூக்குக் குழாயில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். ஈசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலை 25 சதவீதம் அகன்றாலே நிறுத்திவிடுவார்கள். தீவனத்தில் கலந்து கொடுக்கவே கூடாது, வாய் புண்ணாகிவிடும். முதலில் பொட்டாசியம் அளவைப் பாருங்கள். பிரச்சினை தொடங்கி அதிக நாளாகவில்லை என்றால் பலன் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால், கழுத்து ரத்தக்குழாய் வழியாக கத்தீட்டர் (மெல்லிய குழாய்) நுழைத்து, மயக்கத்தில் வைத்து மின் அதிர்ச்சி தரும் முறை இருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்தது. வசதி உள்ள இடங்கள் குறைவு.

இன்னொருவர்:
சரியான பிறகும் திரும்ப வரலாம், எங்கள் குதிரைக்கு வந்தது. ஹோல்டர் (நாள் முழுக்க ஈசிஜி பதியும் கருவி) வைத்துப் பார்க்காமல் வேலைக்கு எடுக்காதீர்கள்.

கேட்டவர்:
சிகிச்சையே செய்யாமல் விட்டால்?

பதில் (கால்நடை மருத்துவர்):
ஓடவிட்டு ஈசிஜி எடுங்கள். துடிப்பு 220-ஐத் தாண்டினால் சவாரியே வேண்டாம். தாண்டாவிட்டால், விஷயம் தெரிந்த பெரியவர் லேசாக ஓட்டலாம். பள்ளிப் பிள்ளைகளை மட்டும் ஏற்றாதீர்கள்.