சந்தியில் பொலிஸ் மறித்தால் யாருக்குத் தண்டத் துண்டு? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கோண்டாவில் தோட்டக்காரன்:

போன மாதம் ஒரு நாள் விடிய ஆறரைக்கு, மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு வாழைக்குலை கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். பின்பக்க சிக்னல் லைட் ஒன்று எரியவில்லை. அன்று பின்னேரம் கராஜுக்குக் கொண்டுபோக இருந்தேன். சந்தியில் மறித்தார்கள். பிழை என்னுடையது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. லைசென்ஸை வாங்கிக்கொண்டு பொலிஸ்காரர் துண்டு எழுதத் தொடங்கினார்.

என் பெயரை எழுதிக்கொண்டிருக்கும்போதே கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய வாகனம் ஒன்று சிவப்பு லைட்டைத் தாண்டி வந்தது. அதையும் மறித்தார்கள். ஓட்டியவர் இறங்கவில்லை. கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கி, போனை வெளியே நீட்டினார். பொலிஸ்காரர் அதைக் காதில் வைத்து "சரி சேர், சரி சேர்" என்றார். பிறகு இரண்டு கையாலும் போனைத் திருப்பிக் கொடுத்தார். வாகனம் போய்விட்டது. திரும்பி வந்து, என் பெயரில் விட்ட எழுத்திலிருந்து மிச்சத்தை எழுதினார்.

தண்டப்பணம் பெரிய காசில்லை. அதை 14 நாளுக்குள் தபாற்கந்தோரில் கட்டி, பற்றுச்சீட்டோடு லைசென்ஸை எடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதல் நாள் போனேன். "அவர் திருவிழா டியூட்டிக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்கோ" என்றார்கள். அடுத்த நாள் பதினொரு மணி மட்டும் வாங்கில் இருந்தேன். இரண்டு நாள் சந்தை போச்சு. குலையில் பாதி கறுத்துவிட்டது.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. எனக்கும் அந்த ஆளுக்கும் துண்டு எழுதுகிற புத்தகம் ஒன்றுதான். ஆனால் காக்க வைத்தது என்னை மட்டும். இந்தக் காத்திருப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா:

தம்பி, நீங்கள் சொல்லுகிற அந்த வாங்கு எனக்கும் தெரியும். 2022இல் பெற்றோலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்றோமே, அந்த நேரம். என் தம்பி வேலை முடிந்து இரவு சைக்கிளில் வரும்போது கார் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போனது. அந்த நாட்களில் இரவில் கார் ஓடுகிற அளவுக்கு எந்த வீட்டில் பெற்றோல் இருந்தது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காரைக் கண்ட ஆட்களும் இருந்தார்கள்.

அம்மா முறைப்பாடு கொடுக்கப் போனா. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்துப் போடுங்கோ அம்மா" என்றார்கள். தமிழும் அரச கரும மொழிதான், தமிழில் எழுதும்படி கேட்கலாம். அது அன்று எங்களுக்குத் தெரியாது. பிறகு பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்தோம். அம்மா சொன்ன வீடும் இல்லை, காரின் நிறமும் இல்லை. "இனந்தெரியாத வாகனம்" என்று மட்டும் இருந்தது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "அவை பெரிய ஆக்கள், சமாதானமாய்ப் போங்கோ" என்று பதில்.

ஒரு சட்டத்தரணியைப் பிடிப்பதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அடிப்படை உரிமை மீறல் மனு என்றால் ஒரு மாதத்துக்குள் கொழும்பில், நாட்டின் ஆகப் பெரிய நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்று அவர் சொன்னார். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அவர்கள் விசாரிக்கிற காலம் கணக்கில் சேராதாம். அதன் அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. யாருக்கும் இப்படி நடந்தால் முதல் கிழமையிலேயே அங்கே போங்கோ. நாங்கள் பிந்திவிட்டோம். தம்பியின் முழங்காலில் இன்னும் தகடு இருக்கிறது.

தென்மராட்சியில் இருந்து, வயது எழுபது:

பிள்ளைகள், இந்தப் பேச்சில் எங்கள் பக்கத்து மிருசுவில் கிராமத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2000 டிசம்பர் 19. இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் இருந்த சனம், தங்கள் வீடு வளவைப் பார்த்துவிட்டு விறகும் எடுத்துப்போக வந்தது. இராணுவத்தார் எட்டுப் பேரைக் கொன்று மலசலகூடக் குழியில் போட்டார்கள். அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. ஒருவர் தப்பி ஓடி வந்து சொன்னதால்தான் அப்படி ஒரு வழக்கே வந்தது.

வழக்கு கொழும்பில் நடந்தது. தீர்ப்பு வர 14 வருசத்துக்கு மேல். 2015 ஜூனில் இராணுவ சார்ஜன்ட் ஒருவருக்கு மேல் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தது. 2019இல் உயர் நீதிமன்றமும் அதைச் சரியென்றது. இனி ஒன்றும் மாறாது என்று நானும் நம்பினேன்.

அதே 2019இல், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்சவைச் சாட்சி சொல்ல வரும்படி யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றம் அழைத்தது. 2011 டிசம்பரில் இங்கே காணாமல் போன இரண்டு செயற்பாட்டாளர்களின் வழக்கு அது. பாதுகாப்பில்லை, யாழ்ப்பாணம் வர முடியாது என்றார். வரவில்லை. எங்களில் ஒருவர் அப்படிச் சொல்லியிருந்தால் பிடியாணையோடு வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்.

அந்த வருசமே அவர் ஜனாதிபதியானார். 2020 மார்ச் 26 அன்று அந்த சார்ஜன்டுக்கு மன்னிப்புக் கொடுத்தார். கொரோனா ஊரடங்கு நேரம் அது. என் மனுசிக்குப் பிரஷர் மருந்து முடிந்து, வாங்கப் போக வழி தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பொடியன் மதிலுக்கு மேலால் போனை நீட்டி, "அப்பு, இதைப் பாருங்கோ" என்றான். நாங்கள் படலையைத் தாண்ட முடியாமல் இருந்த அந்தக் கிழமையில்தான் அந்த சார்ஜன்ட் சிறையிலிருந்து வீட்டுக்குப் போனார்.