மறு: ‘கன்டினியூட்டி மிஸ்டேக்’: ‘ஒட்டு வழு’ எனலாமா?

வணக்கம். ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டில் பொருத்தமில்லாமல் மாறிக் கிடப்பதைத்தான் சினிமாவில் ‘கன்டினியூட்டி மிஸ்டேக்’ என்கிறோம். அதற்குத் தமிழில் ‘ஒட்டு வழு’ எனலாமா என்று கேட்டிருந்தேன்; வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இது.

> ‘தொடர்ச்சிப் பிழை’ போதுமே. எல்லோருக்கும் புரியும் சொல் இருக்கும்போது புதிது எதற்கு?

ஐயா, புரிகிறதா என்று கேட்டே பார்த்துவிட்டேன். வடபழனியில் நான் டீ குடிக்கும் கடைக்கு உதவி இயக்குநர்கள் நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் ஒரு தம்பியிடம் இந்தச் சொல்லைச் சொன்னேன். “ஒரே தப்பைத் தொடர்ந்து பண்றதா சார்?” என்றான். தொடர் மழை, தொடர் திருட்டு என்று பழகிய காதுக்கு அதுதான் முதலில் தோன்றும்.

அதுகூடப் பெரிதில்லை. இது ‘பிழை’தானா என்பதில்தான் எனக்குத் தயக்கம். நான் உதவி இயக்குநராக இருந்த ஒரு நகைச்சுவைப் படத்தில் பந்திக் காட்சி. மாஸ்டர் ஷாட்டை (காட்சி முழுவதையும் அகலமாகக் காட்டுவது) காலையில் எடுத்தோம். மாமனாராக நடித்தவர் வடையை ஒரு கடி கடித்து, இலையில் வைத்துவிட்டு வசனம் பேசினார். க்ளோஸ் (அதையே நெருக்கத்தில் காட்டுவது) எடுக்கும்போது மணி மூன்று. பழைய வடையை யாரோ எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார்கள். கன்டினியூட்டி நோட்டு என் கையில்தான். சட்டைப் பித்தான், மூக்குக்கண்ணாடி, டம்ளரில் தண்ணீர் எந்த மட்டம் என்பது வரை அதில் எழுதியிருந்தேன், வடையை எழுதவில்லை. படத்தில் பார்த்தால் கடித்த வடை முழுசாகி, அடுத்த ஷாட்டில் மறுபடி கடிபட்டுக் கிடக்கிறது.

மாஸ்டரைத் தனியாகப் பாருங்கள், குற்றமில்லை. க்ளோஸிலும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்த இடத்தில்தான் கோளாறு பிறக்கிறது. ‘அவன்’ நல்ல சொல், ‘வந்தாள்’ நல்ல சொல். ‘அவன் வந்தாள்’ என்றால் பால் வழு. இப்படி ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கு இலக்கணமே ‘வழு’ என்று பெயர் வைத்திருக்கிறது. அது பிறக்கும் இடமோ ஒட்டு. பிலிம் காலத்தில் நிஜமாகவே வெட்டி, டேப் போட்டு ஒட்டினார்கள். இன்று கணினியில் ஒட்டுகிறோம். ஆகவே ‘ஒட்டு வழு’. (‘ஓட்டு’ என்று தட்டச்சாகித் தேர்தல் ஆணையத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.)

> நகைச்சுவைப் படங்களில்தான் இவை மிகுதி. அக்கறையின்மை, வேறென்ன?

இதை ஒப்ப மாட்டேன். அன்று க்ளோஸில் முதல் டேக் முடிந்ததும் நான் கவனித்து, வடையைக் கிள்ளி வைத்து, இன்னும் மூன்று டேக் எடுத்தோம். வடை பொருந்தியது, சிரிப்பு வரவில்லை. முதல் டேக்கில் மட்டும் அவர் வசனத்துக்கு முன் மருமகனை ஒரு பார்வை, வடையை ஒரு பார்வை பார்த்தார். மொத்தமே அரை நொடி, 12 பிரேம். எடிட்டர் எல்லாம் தெரிந்துதான் அதை வைத்தார். வால்டர் மர்ச் என்ற புகழ்பெற்ற எடிட்டர் ஒரு வெட்டுக்கு ஆறு அளவுகோல்கள் சொல்கிறார்: உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கடைசியில் நிற்கும் முப்பரிமாண இடத் தொடர்ச்சிக்கு 4.

‘வழு’ என்று வைத்துக்கொண்டால் இதற்கும் சொல் தயாராக இருக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழுதான். ஆனால் உவப்பினால் சொன்னது என்பதால் நன்னூல் உரைகாரர்கள் அதை வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் முழு வடையும் உவப்பினால் வந்ததுதான். அதே படத்தில் கதாநாயகனின் கைக்கடிகாரம் இடக்கையிலிருந்து வலக்கைக்குத் தாவியது. அதில் ஒரு சிரிப்பும் கிடையாது; சுத்த வழு, முழுக்க என் கணக்கு.

1960களில் நடக்கும் கதையில் ஜெமினி மேம்பாலம் தெரிந்தால்? பாலம் திறந்தது 1973இல். இது ஒட்டில் பிறப்பதில்லை. ‘கால வழு’ என்று இலக்கணத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

மீதி இருப்பது, படத்தில் தெரியக் கூடாதவை தெரிந்துவிடுவது: லைட் ஸ்டாண்ட் நிழல், டிராலி தண்டவாளம், கார் கண்ணாடியில் தெரியும் கேமரா வகையறா. மைக் தலைநீட்டுவது நம் படங்களில் குறைவு, பெரும்பாலும் டப்பிங்தானே. யூனிட்டில் இதற்கெல்லாம் “ஃபீல்டுல இருக்கு, ஃபீல்டுல இருக்கு” (கேமரா பார்க்கும் பரப்புக்குள் இருக்கிறது) என்று கத்துவோம், அவ்வளவுதான். ‘சட்டக மீறல்’ என்று எழுதிப் பார்த்தேன், போலீஸ் வழக்கு மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன். வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?