அமளியில் போன 2023 ஜூலை 26: நட்டம் யாருக்கு?

காவிரிக்கரை:
மக்களவையின் ஒரே ஒரு நாளை எடுத்துக்கொண்டு பேசலாம். 2023 ஜூலை 26. மணிப்பூர் பற்றிப் பிரதமர் அவைக்குள் வந்து பேச வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் ஜூலை 20இல் கூட்டத்தொடர் தொடங்கியதிலிருந்தே முழக்கம் போட்டுக்கொண்டிருந்தன. 26ஆம் தேதி அந்த அமளிக்கு நடுவிலேயே வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வரும், நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த சாலை, ரயில் பாதை போன்ற திட்டங்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு தரும் மசோதா அது. மணிப்பூரின் பெரும்பகுதி அந்த 100 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மணிப்பூருக்காகக் குரல் கொடுத்தவர்கள், அந்த மாநிலத்துக் காடுகளைத் தொடும் மசோதாவைப் பிரித்துப் பேசாமல் பதாகை பிடித்து நின்றார்கள். எனக்கு இது மன்னிக்க முடியாத தவறாகப் படுகிறது.

வைகை மகள்:
தவறு யாருடையது என்பதில்தான் நமக்குள் சண்டை சார். அவ்வளவு பெரிய வன்முறை நடக்கிறது, பிரதமர் 20ஆம் தேதி நாடாளுமன்றத்துக்கு வெளியே செய்தியாளர்கள் முன் பேசுகிறார், உள்ளே வந்து பேசவில்லை. எதிர்க்கட்சி வேறு என்ன செய்யும்? பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாட்கள் எதிர்க்கட்சிகளுக்கு என்றே ஒதுக்கப்படுகின்றன. அன்று எதை விவாதிப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். நம் அவையில் அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. எதை எப்போது எடுப்பது என்ற பிடி முழுக்க அரசிடம். கதவைச் சாத்திவிட்டு, ஏன் தட்டுகிறாய் என்று கேட்பது நியாயமா?

பழைய உதவியாளர்:
சில வருடங்கள் ஒரு எம்.பி.யிடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு கேள்வியை அவைக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு தெரியுமா? குறைந்தது 15 நாட்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிறகு குலுக்கல். அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய, நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான். அதிலும் கேள்வி நேரமான 11 மணியிலிருந்து 12க்குள் ஐந்தாறுக்கு மேல் வாய்மொழியாக எட்டுவதே அபூர்வம். அமைச்சர் எழுந்து “அறிக்கை அவையின் மேசையில் வைக்கப்பட்டுள்ளது” என்பார். அது அதிகாரிகள் எழுதிக் கொடுத்தது. அடுத்து எம்.பி. எழுந்து கேட்கும் துணைக்கேள்விதான் உயிர். அதற்கு அமைச்சர் தானே பதில் சொல்லியாக வேண்டும். அதிகாரிகள் மாடத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும் வரை சமாளிக்கிற முகத்தைப் பார்த்தாலே, துறையைத் தெரிந்தவரா இல்லையா என்பது புரிந்துவிடும். 11 மணிக்கு அவை ஒத்திவைக்கப்பட்டால் எழுத்துப் பதில் எப்படியும் பதிவாகிவிடும். அமைச்சர் தப்பித்துவிடுவார்.

வைகை மகள்:
எழுத்துப் பதிலை அவ்வளவு லேசாக ஒதுக்காதீர்கள் அண்ணே. 2020 செப்டம்பரில், ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய தரவு தங்களிடம் இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில்தான் சொன்னது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரத்தையே கொரோனாவைக் காட்டி ரத்து செய்தது அரசுதான், எதிர்க்கட்சி இல்லை.

பழைய உதவியாளர்:
அதே உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம் தங்கச்சி. “தரவு இல்லை” என்று சொன்ன உடனே, “ஏன் எடுக்கவில்லை, யார் எடுத்திருக்க வேண்டும்?” என்று அவையில் எழுந்து கேட்க வழி இருந்திருந்தால்? அரசு அதை ரத்து செய்தபோது நாம் எல்லோரும் கொதித்தோமே. எதிர்க்கட்சி எம்.பி.க்களே அமளியால் நாள்தோறும் அதை ரத்து செய்வதற்கும் கொதிக்க வேண்டும்.

வால்பாறைக்காரன்:
வன மசோதாவைப் பற்றி எல்லோரும் தொட்டுவிட்டுப் போகிறீர்கள். அது துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் வழக்கமான நிலைக்குழுவுக்குப் போகவில்லை. இரு அவை உறுப்பினர்களையும் கொண்டு தனியாக அமைத்த கூட்டுக்குழுவுக்குப் போனது. அந்தக் குழு ஒரு திருத்தமும் இல்லாமல் திருப்பி அனுப்பியது. உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தும் பயன் இல்லை. இந்த மசோதாவால், அரசிதழில் காடு என்று அறிவிக்கப்படாத காடுகளின் கதி என்ன என்பதுதான் எங்களைப் போல மலையில் இருப்பவர்களின் கவலை. அதை அவையில் நாலு பேர் உரக்கக் கேட்டிருந்தால், அமைச்சர் சொல்லும் விளக்கமாவது பதிவில் இருந்திருக்கும். பிறகு உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியதாயிற்று.

காவிரிக்கரை:
இதைத்தான் சொல்கிறேன். பிரதமரை அவைக்குள் பேச வைத்தது முழக்கம் இல்லை. காங்கிரஸ் எம்.பி. கௌரவ் கோகோய் கொடுத்த நம்பிக்கையில்லாத் தீர்மானம். 50 உறுப்பினர்கள் எழுந்து நின்றால் போதும் என்பது விதி. அதே 26ஆம் தேதிதான் சபாநாயகர் ஓம் பிர்லா அதை ஏற்றார். ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் பேசியாக வேண்டி வந்தது. விதிப் புத்தகத்தில் இருந்த ஆயுதம் வேலை செய்தது. அதை 20ஆம் தேதியே எடுத்திருக்கலாமே!

வைகை மகள்:
எடுத்ததும் என்ன நடந்தது, அதையும் சொல்லுங்கள். 26ஆம் தேதி ஏற்ற தீர்மானத்தை ஆகஸ்ட் 8 வரை விவாதத்துக்கு எடுக்கவில்லை. நடுவில் டெல்லி சேவைகள் மசோதா 3ஆம் தேதி, தரவுப் பாதுகாப்பு மசோதா 7ஆம் தேதி என்று மக்களவையில் வரிசையாக நிறைவேறின. நம்பிக்கை கேள்விக்குள்ளாகியிருக்கும் அரசு சட்டம் இயற்றலாமா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, பலிக்கவில்லை. இன்னொன்று: 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் முழுக்க முடங்கியதால்தான் 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு ஊழல் புகார் பற்றி 2011இல் கூட்டுக்குழு வந்தது. அன்று முடக்கியவர்கள் இன்று ஆளுங்கட்சி.

காவிரிக்கரை:
அந்தக் குழு கடைசியில் என்ன கொடுத்தது? 2013இல் அறிக்கை வந்தபோது எதிர்க்கட்சி உறுப்பினர்களே அதை ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தொடரையே பலி கொடுத்து வாங்கியது அவ்வளவுதான். 1957ஐப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களுக்குப் போனதை அவையில் துருவித் துருவிக் கேட்டவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். 1958இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

வைகை மகள்:
அப்போது, கட்சியை மீறி வாக்களித்தால் பதவியைப் பறிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லை சார்.

பழைய உதவியாளர்:
இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு வாக்கெடுப்புக்குத்தான் தங்கச்சி, கேள்வி கேட்பதற்கு இல்லை. ஆனால் அடுத்த முறை சீட் கிடைக்காது என்ற பயம் இருக்கிறதே, அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் எம்.பி. ஆளுங்கட்சிக்காரர். நல்ல கேள்வி எழுதிக் கொடுத்தால், “இது மந்திரிக்குச் சங்கடமாகுமா?” என்றுதான் முதலில் கேட்பார்.

வால்பாறைக்காரன்:
அப்படியென்றால் எதிர்க்கட்சிக்காரர்தான் கேட்டாக வேண்டும். 11 மணிக்கு இருக்கையில் இருந்து கேட்கட்டும். 12 மணிக்கு மேல் முழக்கம் போட அவையின் மையப் பகுதிக்குப் போகட்டும், நான் குறுக்கே வரமாட்டேன்.

வைகை மகள்:
12 மணிக்கு மேல் போனால் மசோதா அமளியில் நிறைவேறும், நீங்கள் சொன்ன அதே வன மசோதா மாதிரி. எதிர்க்கட்சிக்கு வாரத்தில் ஒரு நாள் என்று விதியில் எழுதச் சொல்லுங்கள், முழக்கத்தை நிறுத்தச் சொல்லி நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.