‘எதற்காக எடுக்கிறீர்கள்?’: விபிஎன் வைத்திருந்தவர்களின் அனுபவங்கள்

வைகை வடகரை:
சுங்குடிச் சேலைக் கடை ஒன்றுக்கு இணைய வேலை பார்க்கிறேன். வெளியூர் போனால் லாட்ஜ் வைஃபையில் கடைக் கணக்கைத் திறக்கப் பயம். அதனால் ஒரு சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் வாடகைச் சர்வர்) எடுத்து, அதில் சொந்தமாக விபிஎன் போட்டு வைத்திருந்தேன். நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு சர்வர் வழியாக அனுப்புவதுதான் விபிஎன். பயன்படுத்துவது நான் ஒருவன்தான். 2022 செப்டம்பர் கடைசியில் அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு படிவம் வந்தது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், இப்படிப்பட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வாங்கி வைக்க வேண்டும் என்று ஏப்ரல் 28-இல் உத்தரவு போட்டு செப்டம்பர் 25 முதல் கட்டாயமாக்கினார்களே, அது. பெயர், முகவரி, போன் எண் எல்லாம் கொடுத்தேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. கடைசிக் கட்டத்தில் ‘எதற்காக இந்தச் சேவையை எடுக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தது. சிம்மக்கல்லில் ஒரு டீக்கடையில் போனைப் பார்த்தபடி டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கதவைச் சாத்துகிறவனிடம் ஏன் சாத்துகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வான்? நான் சேவையை நிறுத்திய பிறகும் 5 வருடம் அந்தப் பதில் அவர்களிடம் இருக்கும். இன்றும் உறுத்துகிறது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

மேலூர் பேத்தி:
எங்களுக்கு வந்தது துபாய்ச் சட்டம். பெரியப்பா மகன் அங்கே ஏசி மெக்கானிக். வாட்ஸ்அப் கால் அங்கே போகாது என்று தெரியும்தானே. ஊருக்கு வந்திருந்தபோது நான்தான் அண்ணன் போனில் விபிஎன் போட்டுக் கொடுத்தேன். அப்பத்தாவுக்கு முகம் பார்த்துப் பேச வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று குரலைத் தாழ்த்தி, “அப்பத்தா, இனிமே இதுல பேச வேணாம், வச்சிர்றேன்” என்றான். அவ்வளவுதான். அப்பத்தா அணைந்துபோன திரையைத் தடவிக்கொண்டே, “புள்ளைக்கு எம்மேல என்ன கோவம்?” என்று கேட்டது. அறையில் கூட இருந்தவர் அப்போதுதான் அபராதத் தொகையைச் சொல்லியிருக்கிறார்: 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை. போட்டுக் கொடுத்தபோது நான் அவனிடம் அதைச் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

பழைய பிரவுசிங் சென்டர்:
வைகை வடகரை தம்பி, பெயர், முகவரி, காரணம் கேட்பது என்ன புதிதா? திருமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். 2011 விதிகள் வந்தபோது அடையாள அட்டை பார்த்து நோட்டில் எழுதி, அதை ஒரு வருடம் வைத்திருக்கச் சொன்னார்கள். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்று என் பலகைகளை அறுத்தேன். மிரட்டல் மெயில் அனுப்புகிறவனைப் பிடிக்க வேறு என்ன வழி? நோட்டு வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன்.

ஆனாலும் ஒன்று. ஒரு சாயங்காலம் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து, “எம் மக இங்க வந்துச்சான்னு பாக்கணும், நோட்டைக் காட்டுங்க” என்றார். காட்டினேன். விரலால் வரி வரியாகத் தேய்த்துக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அந்தப் பிள்ளை அப்புறம் என் கடைக்கு வரவில்லை, கல்லூரிக்கும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அரசாங்கம் சொல்லி எழுதிய நோட்டுதான். விரித்துக் கொடுத்தது நான்.

வைகை வடகரை:
அண்ணே, நான் பயப்படுவதும் அதற்குத்தான். போலீஸ் கேட்பது வேறு. எழுதி வைத்தது இருந்தால் யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அதை நான் நம்புகிறவன்.

வாடிப்பட்டி:
மேலூர் பேத்தி, அண்ணனிடம் போட்டிம் மாதிரி அங்கே அனுமதி உள்ள செயலியில் பேசச் சொல்லுங்கள். விபிஎன் வைத்திருப்பதே அங்கே குற்றம் இல்லை. குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐபி முகவரியை (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மாற்றினால்தான் அந்த அபராதம். ஆனால் தடுத்து வைத்திருக்கும் அழைப்பு அதில் சேருமா, சேராதா என்று கோர்ட்டில் நின்று பார்க்க உங்கள் அண்ணனால் முடியாது.

பிரவுசிங் சென்டர் பெரியவரே, உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. மிரட்டல் மெயில் அனுப்புகிறவன் உண்மையான முகவரி கொடுத்து விபிஎன் வாங்க மாட்டான். செர்ட்-இன் உத்தரவு வந்ததும் விபிஎன் நிறுவனங்களான எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டுப் போய்விட்டன. இன்று எக்ஸ்பிரஸ்விபிஎன்னில் ‘இந்தியா’ என்று தொட்டால் சர்வர் இருப்பது சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோதான். மாட்டிக்கொண்டது வைகை வடகரை மாதிரி உள்ளூரில் வாடகைக்கு எடுத்தவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விபிஎன் போட்டால் யாரும் பார்க்க முடியாது என்று நினைக்காதீர்கள். இணைப்புக் கொடுப்பவர் பார்ப்பதை விபிஎன்காரர் கைக்கு மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். நீங்கள் விபிஎன்னில் இருக்கிறீர்கள் என்பது இணைப்புக் கொடுப்பவருக்குத் தெரியும். சொந்த போன் எண் கொடுத்த கணக்கில் நுழைந்துவிட்டால் ஐபி முகவரியை மாற்றி என்ன பயன்? இலவச விபிஎன் பக்கமே போகாதீர்கள். காசு கொடுத்து வாங்கினாலும் எந்த நாட்டு நிறுவனம், என்னென்ன பதிவு வைக்கிறது, அதை வெளியாள் யாராவது தணிக்கை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். டிஎன்எஸ், அதாவது எந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்ற கேள்வி, விபிஎன்னுக்கு வெளியே கசிகிறதா என்று வாரம் ஒருமுறை சோதியுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவில் இடைமறிக்கவும், மறைகுறியை அவிழ்த்துக் கொடுக்கச் சொல்லவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. 2018 டிசம்பர் 20-இல் பத்து அமைப்புகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களில், அலுவலக மடிக்கணினியில் அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருந்த ஒரு வார்த்தையைத் தேடினேன். மறுநாள் ஐடி பிரிவிலிருந்து ஒருவர் வேறு வேலையாக அழைத்தவர், “அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார். நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்பாவுக்கே அப்போது தெரியாது. அக்கறையாகத்தான் கேட்டார். எனக்குக் கை சில்லிட்டுப் போய்விட்டது.

மேலூர் பேத்தி:
அம்மா நலமா, அக்கா? அண்ணன் இப்போது போட்டிமில்தான் பேசுகிறான். அப்பத்தாவிடம் கோபம் இல்லை என்று பத்துத் தடவை சொல்லிவிட்டேன், நம்ப மாட்டேன் என்கிறது.

வைகை வடகரை அண்ணே, அந்தக் கட்டத்தில் கடைசியில் என்னதான் எழுதினீங்க?

வைகை வடகரை:
‘சொந்தப் பயன்பாடு’ என்று எழுதினேன். மறுநாள் காலையில் பதில் வந்தது: ‘விவரமாகக் குறிப்பிடவும்.’