பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப்: கொட்டேஷனில் கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

கல்வீடு:
வணக்கம். தரைத்தளமும் மேல்தளமுமாக 120 சதுர மீட்டர் வீடு. எட்டு ரேடியேட்டர் (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு), அதற்குத் தண்ணீரைச் சூடாக்க கேஸ் பாய்லர். பாய்லரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் வைக்கலாம் என்றிருக்கிறோம். கான்ட்ராக்டர் கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, 12 கிலோவாட் மோனோபிளாக் (முழு மெஷினும் வெளியே ஒரே பெட்டியில்), 100 லிட்டர் பஃபர் டேங்க் (ரேடியேட்டர் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி), 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டி என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ரேடியேட்டர் எதையும் மாற்ற வேண்டாம், மூன்று நாளில் முடிந்துவிடும் என்கிறார். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 5 டிகிரி வரை இறங்கும். இந்த அளவு சரிதானா? வீட்டில் எதையெல்லாம் உடைப்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளஞ்சூடு:
கால் மணி நேரத்தில் அந்த எண்ணுக்கு வர வழியே இல்லைங்க. ஒவ்வொரு அறையிலும் சுவர், ஜன்னல், கூரை, தரை எல்லாவற்றின் பரப்பையும் அளந்து, வெப்ப இழப்பைக் கணக்கிட வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது அரை நாள் வேலை. அந்தக் கணக்கைத் தாளில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதற்கு முன் நீங்களே ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல குளிர் நாளில் 24 மணி நேர இடைவெளியில் கேஸ் மீட்டரை இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, வெளியே சராசரி 0 டிகிரி, உள்ளே 20, செலவான கேஸ் 130 யூனிட் (கிலோவாட் மணி) என்று வைப்போம். பாய்லரின் திறன் 88 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்தது சுமார் 114. குளிக்க, பாத்திரம் கழுவ 8 போனால் மீதி 106. அதை 24-ஆல் வகுத்தால் 4.4 கிலோவாட். 20 டிகிரி வித்தியாசத்துக்கு 4.4 என்றால் டிகிரிக்கு 0.22. மைனஸ் 5-இல் வித்தியாசம் 25 டிகிரி, ஆக 5.5 கிலோவாட். மீட்டர் கன மீட்டரில் காட்டினால், ஒரு கன மீட்டரைச் சுமார் 10.5 முதல் 11 யூனிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்ணும் இதன் பக்கத்தில் வந்தால் 12 கிலோவாட் இரண்டு மடங்கு பெரிது. பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் மெஷினும் ஓரளவுக்குக் கீழே வேகத்தைக் குறைக்க முடியாது. 12 கிலோவாட் மெஷின் பெரும்பாலும் 4 கிலோவாட் பக்கத்திலேயே நின்றுவிடும். வெளியே 10 டிகிரி இருக்கும் நாளில் உங்கள் வீட்டுக்குத் தேவை 2.2 தான். அதனால் பத்து நிமிடம் ஓடும், அணையும், மறுபடி ஓடும். கரண்டும் வீண், கம்ப்ரெஸரின் ஆயுளும் குறையும். குளிர்காலத்தில் மைனஸ் 5 நாட்கள் சில. 5, 10 டிகிரி நாட்கள்தான் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

செம்புக்குழாய்:
மேலே சொன்னது முழுக்கச் சரி. ரேடியேட்டர் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் "மாற்ற வேண்டாம்" என்ற அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் பில்லில் வந்து நிற்கும்.

ரேடியேட்டரின் வாட் அளவை, அதிலுள்ள தண்ணீர் அறையைவிட சராசரியாக 50 டிகிரி அதிகச் சூட்டில் இருப்பதாக வைத்துத்தான் அச்சிடுகிறார்கள். ஹீட் பம்ப் 45 டிகிரியில் அனுப்பித் தண்ணீர் 40-இல் திரும்பினால், 20 டிகிரி அறையில் அந்த வித்தியாசம் 22.5 தான். அப்போது கிடைப்பது அச்சிட்ட எண்ணில் 35 சதவீதம். 1500 வாட் ரேடியேட்டர் 530 வாட் கொடுக்கும். அனுப்புவதை 50 ஆக்கினால் 690, 55 ஆக்கினால் 860. கூடத்துக்கு 900 வாட் வேண்டுமென்றால் 45 டிகிரியில் சுமார் 2550 வாட் ரேடியேட்டர் மாட்ட வேண்டும். சுவரில் நீளம் கூட்ட இடமில்லை என்றால், ஒற்றைத் தகடு இருக்கும் இடத்தில் இரட்டைத் தகடு, இரட்டைக்குப் பதில் மூன்று தகடு என்று தடிமனைக் கூட்டலாம். எட்டும் மாற வேண்டியதில்லை. வழக்கமாகக் கூடமும் குளியலறையும்தான் மாட்டிக்கொள்ளும்.

எதையும் மாற்றாமல் 55-இல் ஓட்டினால் வீடு சூடாகத்தான் செய்யும். ஆனால் அனுப்பும் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி ஏறினால் கரண்ட் செலவு 2 முதல் 3 சதவீதம் ஏறும். 45-க்கும் 55-க்கும் இடையே கால் பங்கு பில் போய்விடும்.

சோதனை செய்ய மெஷின் வரும்வரை காத்திருக்க வேண்டாம். குளிர் நாளில் இப்போதைய பாய்லரிலேயே ரேடியேட்டர் தண்ணீரை 50-க்கு இறக்கி, எல்லா வால்வையும் முழுக்கத் திறந்து, இரவு பகல் அணைக்காமல் இரண்டு நாள் ஓட்டுங்கள். எந்த அறை குளிர்கிறதோ அங்கேதான் ரேடியேட்டர் மாற்ற வேண்டும். தனித் தொட்டியில் வெந்நீர் சேமிக்கும் பாய்லராக இருந்தால் வெந்நீர்ச் சூட்டைத் தொடாதீர்கள், ரேடியேட்டர் பக்கத்தை மட்டும் இறக்குங்கள்.

குழாயையும் பாருங்கள். ஹீட் பம்பில் போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 5 டிகிரிதான் வித்தியாசம், அதனால் ஓட்டம் அதிகம் வேண்டும். 5.5 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 16 லிட்டர். 22 மி.மீ. செம்புக் குழாய் அதைத் தாங்கும். 12 கிலோவாட்டுக்கு 34 லிட்டர் வேண்டும். அதை 22-இல் தள்ளினால் குழாய் இரையும், பம்ப் திணறும், 28 மி.மீ. கேட்கும். ரேடியேட்டருக்குப் போகும் கிளைக்குழாய் 8 மி.மீ. ஆக இருந்தால் உடனே சொல்லுங்கள். தரையை உடைக்க வேண்டி வருவது பெரும்பாலும் அங்கேதான்.

மும்முனை:
மின்சாரப் பக்கம் பற்றி யாரும் சொல்லவில்லை. மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி பிரேக்கர், வெளி யூனிட் பக்கத்திலேயே கைக்கு எட்டும் ஐசொலேட்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்ச்). இன்வெர்ட்டர் இருப்பதால் டிசி கசிவு வரலாம், எனவே பழைய ஏசி வகை ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்) போதாது. ஏ வகையா, பி வகையா என்பது மெஷின் கையேட்டில் இருக்கும், அதன்படியே போடச் சொல்லுங்கள். வெந்நீர்த் தொட்டியின் 3 கிலோவாட் ஹீட்டர் தனியாக 13 ஆம்பியர் இழுக்கும். மின்வாரியத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டிய இடங்களில் அனுமதி வரவே சில வாரம் ஆகலாம். வேலை தொடங்கும் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள்.

இன்னொன்று. உள்ளே துணை மின் ஹீட்டர் இருந்தால், எந்த வெளி வெப்பநிலைக்குக் கீழே அது வேலை செய்யும் என்று செட்டிங்கில் பாருங்கள். 5 டிகிரியில் விட்டுவிட்டுப் போனால் குளிர்காலம் முழுக்க அதுதான் ஓடும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பம் தரும் இடத்தில், அந்த ஹீட்டர் தருவது ஒன்றே ஒன்று.

கல்வீடு:
எல்லோருக்கும் நன்றி. மீட்டரை இரண்டு நாள் எழுதிக் கணக்குப் போட்டேன், 6 கிலோவாட் பக்கம் வருகிறது. கான்ட்ராக்டரிடம் சொன்னதும் 7 கிலோவாட் மாடல் போடலாம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் பஃபர் டேங்க் கட்டாயம் வேண்டும் என்கிறார். வெளி யூனிட் சமையலறை ஜன்னலுக்குக் கீழே. இது சரிவருமா? மெஷினுக்குள் ஓடும் குளிர்பதன வாயு ஆர்290.

இளஞ்சூடு:
ஆர்290 என்றால் புரோப்பேன். தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஜன்னல், கதவு, சாக்கடை வாய், நிலவறைத் துவாரம் இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் கையேட்டில் படமே இருக்கும். பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவுக்குக் கேட்பார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே வேண்டவே வேண்டாம். படுக்கையறை ஜன்னலும், பக்கத்து வீட்டு வேலியும் தள்ளியே இருக்கட்டும். பின்பக்கம் 30 சென்டிமீட்டர், காற்று வெளியே தள்ளும் முன்பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் திறந்தவெளி. மூலையில் சொருகினால், தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும்.

கீழே கான்கிரீட் மேடை, அதிர்வு வாங்கும் ரப்பர் கால், நடுவே ஜல்லி நிரப்பிய குழி. 0 முதல் 5 டிகிரி வரை ஈரமான நாட்களில்தான் யூனிட்டில் உறைபனி அதிகம் பிடிக்கும். அதை உருக்கும்போது பல லிட்டர் தண்ணீர் கொட்டும். நடைபாதைப் பக்கம் ஓடினால் இரவில் கண்ணாடி போலப் பனிக்கட்டியாகி ஆள் வழுக்கி விழுவார்.

பஃபர் விஷயம்: நான்கு குழாய் இணைப்புள்ள டேங்க் என்றால் உள்ளே சூடும் குளிரும் கலந்து, மெஷின் 45 கொடுத்தால் ரேடியேட்டருக்கு 41 போகலாம். பிறகு 49-க்கு ஏற்றுவார்கள், பத்து சதவீதம் கரண்ட் வீண். உறைபனி உருக்கச் சூடு எடுக்கும் ரேடியேட்டர் தண்ணீரின் அளவு போதாது என்பது அவர் கவலையானால், திரும்பும் குழாயில் இரண்டே இணைப்புடன் 30 முதல் 50 லிட்டர் சிறு டேங்க் தொடராக வைத்தால் போதும். கூடவே நாலைந்து ரேடியேட்டரை எப்போதும் திறந்தே விட வேண்டும். எல்லா அறையிலும் தெர்மோஸ்டாட் வால்வு மூடிக்கொண்டால் ஓட்டம் குறைந்து மெஷின் எரர் காட்டி நிற்கும்.

செம்புக்குழாய்:
மோனோபிளாக்கில் குளிர்பதன வாயுக் குழாய் வேலை இல்லை, தண்ணீர்க் குழாய்தான் வெளியே போகும். கரண்ட் போன குளிர் இரவில் அது உறைந்தால் உள்ளே உள்ள பிளேட் எக்ஸ்சேஞ்சர் (வாயுவின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) வெடித்துவிடும். பாதுகாப்புக்கு இரண்டு வழி: தண்ணீரில் கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) கலப்பது, அல்லது தண்ணீர் சுமார் 3 டிகிரிக்கு வந்ததும் தானே திறந்து வடித்துவிடும் வால்வு. ஏதாவது ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தால் வால்வு திறக்கும்போது கிளைகால் முழுக்க மண்ணுக்குப் போகும். வெளிக்குழாய்க்கு 19 மி.மீ.க்குக் குறையாத இன்சுலேஷன், வெயில் தாங்கும் உறை. சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

நாள் கணக்கு: சாதாரணமாக மூன்று முதல் ஐந்து நாள். முதல் நாள் மேடை, துளை, பழைய பாய்லர் கழற்றல். அன்றிலிருந்து ஓரிரு நாள் வெந்நீர் இராது. மேடைக் கான்கிரீட்டை முன்பே போட்டுக் காயவிடச் சொல்லுங்கள். பழைய ரேடியேட்டர்களின் கறுப்புச் சேற்றை அலசி வெளியேற்றாமல் புது மெஷினை இணைக்க விடாதீர்கள். காந்த ஃபில்டர் கட்டாயம். இரண்டு வாரம் கழித்து, குழாயில் உள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவ வேண்டும். எரர் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் சுருள் பெரிதாக வேண்டும், கிலோவாட்டுக்குக் குறைந்தது கால் சதுர மீட்டர். பாய்லருக்கென்று செய்த பழைய தொட்டியில் இது இருக்காது. 200 லிட்டரை 10-இலிருந்து 50 ஆக்க 9.3 யூனிட் வெப்பம் வேண்டும். உங்கள் 7 கிலோவாட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதுவரை ரேடியேட்டருக்குச் சூடு போகாது, பயப்பட வேண்டாம். லெஜியோனெல்லா கிருமிக்காக வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு ஏற்றும் செட்டிங் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

கல்வீடு:
ஜன்னல் பக்கம் வேண்டாம், பின்சுவருக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ஒப்படைக்கும் நாளில் அவரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

இளஞ்சூடு:
அவர் நிற்கும்போதே மெஷின் திரையில் ஓட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், 6 கிலோவாட்டுக்கு நிமிடத்துக்கு 17 லிட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளி வெப்பநிலைக்கு ஏற்ப தண்ணீர்ச் சூட்டை மாற்றும் கோடு போட்டிருக்கிறாரா பாருங்கள். மைனஸ் 5-க்கு 45, 15-க்கு 28 என்று தொடங்கலாம். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு டிகிரி இறக்கிக்கொண்டே வாருங்கள். ஏதாவது அறை குளிர்ந்தால் ஒரு டிகிரி ஏற்றி அங்கேயே நிறுத்துங்கள். செட்டிங் பாஸ்வேர்டு, அறைவாரி வெப்ப இழப்புத் தாள், அலசியதற்கான பதிவு, கிளைகால் போட்டிருந்தால் அதன் சதவீதம், இவை கைக்கு வந்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.