18 ஆண்டுப் பழைய தார்ப் பாதை: மேலேயே புதுத் தளம் போடலாமா, முழுவதும் பெயர்த்தெடுக்க வேண்டுமா?

கேள்வி: வாசல்வழி

வாயிற்கதவிலிருந்து கார் ஷெட் வரை ஏறத்தாழ 28 மீட்டர் நீளமும் 3.5 மீட்டர் அகலமும் உள்ள எங்கள் தார்ப் பாதை போடப்பட்டு 18 ஆண்டுகள் ஆகின்றன. கறுப்பு நிறம் போய்ச் சாம்பலாக வெளுத்துவிட்டது. செருப்புக் காலால் தேய்த்தால் பொடிக்கல் உதிர்கிறது. நீளவாக்கில் நான்கு விரிசல்கள் ஓடுகின்றன, அவற்றில் ஒன்றில் விரல் நுனி நுழையும். ஷெட்டுக்கு முன்னால் வண்டியைத் திருப்பும் இடத்தில் சுமார் 12 சதுர மீட்டர் பரப்பு மட்டும் முதலைத் தோல்போலச் சிறு சிறு கட்டங்களாக உடைந்து, கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கிறது. மழை விட்ட பிறகும் அங்கே இரண்டு நாள் தண்ணீர் நிற்கும்.

இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பழைய தளத்தின் மேலேயே 4 செ.மீ. கனத்துக்குத் தார்க்கலவை பரப்பி ரோலர் ஓட்டினால் போதும், ஒரே நாளில் முடிந்துவிடும் என்றார் ஒருவர். மற்றவரோ ஜல்லி வரை அனைத்தையும் அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறார். இருவரும் நின்ற இடத்திலிருந்து பார்த்துவிட்டே தீர்ப்புச் சொன்னார்கள் என்பதால் யாரை நம்புவது என்று தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: ஜல்லிக்கூடை

பாதைப் பணிகளில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிட்டவை எல்லாம் பார்வைக்கு ஒரே பாதையின் கேடுகளாகத் தோன்றினாலும், அவற்றின் காரணங்கள் வேறு வேறு. வெளுப்பும் பொடிக்கல் உதிர்வும் வயதின் வேலை: வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் தன் நெகிழ்ச்சியை இழந்து இறுகுகிறது, கல்லைப் பிடித்துக்கொள்ளும் வலிமை குறைகிறது. நீளவாக்கு விரிசல்கள் பெரும்பாலும் தளம் போட்ட நாளில் ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் சந்தித்த இணைப்பில் வருபவை. இவை இரண்டும் மேற்பரப்பின் நோய்கள். விரிசல்களைத் துப்புரவாக்கிச் சூடான ரப்பர் கலந்த தாரால் நிரப்பிவிட்டு மேல்தளம் போட்டால் தீரக்கூடியவை.

முதலைத்தோல் விரிசல் அப்படியல்ல. தார்த்தளம் சுமையைத் தானே தாங்குவதில்லை; வாங்கிப் பரப்பிக் கீழே அனுப்புகிறது, தாங்குவது ஜல்லியும் அதன் அடியிலுள்ள மண்ணுமே. அடி இளகிவிட்டால் சக்கரம் ஏறும் ஒவ்வொரு முறையும் தளம் வளைந்து நிமிர்ந்து, அடிப்பக்கத்தில் தொடங்கிய விரிசல் மேலே வந்து வலைபோல் விரிகிறது. அதன் மேல் எத்தனை அழகாகப் புதுத் தளம் போட்டாலும் கீழே உள்ள வளைவு நிற்காது, ஆகவே பழைய விரிசலின் அதே கோலம் புதிய தளத்திலும் தெரியத் தொடங்கும். 2.5 செ.மீ. கனத்தை விரிசல் ஓர் ஆண்டில் ஏறிக் கடக்கும் என்று எங்கள் தொழிலில் தோராயமாகச் சொல்வதுண்டு.

எனவே யாரிடமும் கையெழுத்திடும் முன் இரண்டு குழிகள் வெட்டிப் பாருங்கள். கெட்ட இடத்தில் ஒன்றும் நல்ல இடத்தில் ஒன்றுமாக, ஓர் அடிச் சதுரம் போதும். வீட்டுப் பாதைக்குத் தார் 5 முதல் 7.5 செ.மீ., ஜல்லி 15 முதல் 20 செ.மீ. இருந்தால் முறையாகப் போட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அளவைக் காட்டிலும் முக்கியம், கல்லோடு கல் இறுகக் கோத்திருக்கிறதா, இடையில் சேறு ஏறியிருக்கிறதா என்பது. கடப்பாரையைக் கையால் ஊன்றினாலே உள்ளே இறங்குமானால் அந்த அடித்தளத்தை அங்கேயே விட்டுவைப்பதில் பொருளில்லை.

மறுமொழி: மழைக்குடை

அடித்தளம் நன்றாக இருந்தும் மேல்தளம் போட்டு வருந்தியவன் நான், ஆகையால் ஒரு கூடுதல் செய்தி. பாதை முழுவதும் 4 செ.மீ. உயர்ந்தபோது ஷெட் தரை அதே இடத்தில்தான் இருந்தது. முன்பு வெளிப்பக்கம் ஓடிய மழைநீர் அதன் பிறகு ஷட்டரின் அடியில் புகுந்து உள்ளே வந்தது. ஷெட் வாசலை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குப் பழைய தளத்தைச் சுரண்டித் தாழ்த்திவிட்டுப் புதுக் கலவையை இழைத்திருந்தால் இந்த வினையே இல்லை. வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. என்ற கணக்கில் வெளிப்பக்கம் சரிகிறதா என்று மட்டம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கலவையைக் கொட்ட விட வேண்டும்.

இன்னொன்று, பழைய தளத்தோடு புதுத் தளம் ஒட்டுவதற்காகத் தெளிக்கும் தார் எமல்ஷனை (நீரில் கலந்த தார்) தெளிக்காமலேயே என் பாதையில் கலவையைப் பரப்பிவிட்டார்கள். நின்ற நிலையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும் இடத்தில் புதுத் தளம் அப்பளம்போல் வட்டமாகப் பெயர்ந்து வந்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. தெளித்த எமல்ஷன் முதலில் பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்து கறுப்பான பிறகே மேலே கலவை வர வேண்டும். அந்தச் சிறிது நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: மண்வாசனை

முழுவதும் பெயர்த்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் இங்கே எழுந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் வீட்டில் அப்படித்தான் செய்தோம். அள்ளிப் போட்டு, புது ஜல்லி கொட்டி, ஒரே அடுக்காக 20 செ.மீ. பரப்பி மேலோட்டமாக ஒருமுறை உருட்டினார்கள். மேலே இறுகியது, கீழே இறுகவில்லை. குழாய் புதைத்த பள்ளத்தின் மேலிருந்த பகுதி முதல் மழைக்காலத்திலேயே தொட்டிபோல் அமிழ்ந்துவிட்டது. பல ஆண்டுகள் வண்டி ஓடி இறுகிய பழைய அடித்தளம் நன்றாக இருக்கும்போது அதைக் கிளறுவது, என் கருத்தில், கையிலிருக்கும் நல்ல பொருளைத் தூக்கி எறிவதற்குச் சமம். தார் போடும் முன் சுமை ஏற்றிய லாரி ஒன்றை ஜல்லியின் மேல் மெதுவாக ஓட்டச் சொல்லி, சக்கரத்தின் அடியில் தரை அமுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பது நல்ல சோதனை.

வாசல்வழி

மூவருக்கும் நன்றி. இரண்டு இடங்களிலும் வெட்டிப் பார்த்துவிட்டேன். பாதையின் நடுவே தார் 6 செ.மீ., அதன் கீழ் 17 செ.மீ. ஜல்லி, உலர்ந்து இறுகியிருக்கிறது, கடப்பாரை இறங்கவில்லை. உடைந்த இடத்தில் தார் 5 செ.மீ. இருந்தும் ஜல்லி 8 செ.மீ. மட்டுமே, அதிலும் பாதி களிமண்ணோடு கலந்து ஈரமாக இருந்தது. கூரையின் மழைநீர்க் குழாய் ஒன்று அந்த ஓரத்தில்தான் மண்ணில் கொட்டுகிறது என்பதைக் குழியின் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். 18 ஆண்டுகளாக அதைத் தாண்டித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

மறுமொழி: ஜல்லிக்கூடை

அப்படியானால் இரண்டு ஒப்பந்தக்காரர்களும் பாதிப் பாதி சரி. மொத்தம் 98 சதுர மீட்டரில் கெட்டது 12, அதாவது எட்டில் ஒரு பங்கு; கேடு மூன்றில் ஒரு பங்கை நெருங்கியிருந்தால் முழுவதும் பெயர்ப்பதே சிக்கனம் என்று சொல்லியிருப்பேன். இங்கே அந்தத் தேவை இல்லை.

முதலில் குழாயை வேறு பக்கம் திருப்புங்கள். அதைச் செய்யாமல் எதைப் போட்டாலும் இதே கதைதான். பிறகு உடைந்த பகுதியை, அதைச் சுற்றி நல்ல தளத்திலும் ஒரு முப்பது செ.மீ. உள்ளே சென்று, நேர்க்கோட்டில் அறுத்தெடுத்து, இளகிய மண் போய்க் கெட்டியான களிமண் தட்டுப்படும் வரை தோண்டச் சொல்லுங்கள். களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் இடையில் ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் சேறு மறுபடி மேலே ஏறாது. ஜல்லியை நண்பர் மண்வாசனை பட்ட பாட்டை நினைவில் வைத்து 10 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்க வேண்டும். அந்தப் பகுதியில் தார் போட்டு மற்ற தளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகு, பாதை முழுவதற்கும் சேர்த்து ஒரே மேல்தளம் போடலாம்.

கலவை ஏறத்தாழ 140 பாகை செல்சியஸில் பரப்பப்பட்டு, 80 பாகைக்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டி முடிக்கப்பட வேண்டும். மெல்லிய தளம் விரைவில் ஆறிவிடும் என்பதால் குளிர்காற்று வீசும் நாளைத் தவிர்ப்பது நல்லது. தளத்தின் கனம் கலவையிலுள்ள பெரிய கல்லின் அளவைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். பளபளப்புக்கான மேல்பூச்சை ஆறு மாதமாவது கழித்துப் பூசுங்கள். அது தளத்துக்கு வலிமை தருவதில்லை, தண்ணீரையும் வெயிலையும் சற்றுத் தடுக்கிறது, அவ்வளவே.

ஒப்பந்தத்தில் 4 செ.மீ. என்று எழுதியிருப்பது உருட்டிய பின் நிற்கும் கனமா, பரப்பும்போதுள்ள கனமா என்று மறக்காமல் கேளுங்கள். பரப்பிய கலவை உருட்டும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும்.

வாசல்வழி

கேட்டுவிட்டேன், ஐயா. பரப்பும்போதுள்ள கனம்தானாம். 5 செ.மீ. பரப்பி 4 செ.மீ. நிற்கும்படி திருத்தி எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைநீர்க் குழாயைத் திருப்ப நாளை ஆள் வருகிறார். குழியை அதுவரை மூடாமல் பலகை போட்டு வைத்திருக்கிறேன்.