எம்.டி. படத்தில் சிவப்பு இருக்கும் இடத்தில்தானே துளை போட வேண்டும்? (அவசரம்)

வில்லியனூர்வாசி:
வணக்கம். எரிமலைப் பகுதி, புவிவெப்ப புராஜெக்ட். எம்.டி. (மேக்னடோடெல்லூரிக், நிலத்தடி மின்தடையை அளக்கும் சர்வே) தரவிலிருந்து நிலத்தடிப் படம் கணிக்கும் இன்வெர்ஷன் முடித்துவிட்டேன். மேலே நீலம், அதன் கீழே கவிழ்த்த சட்டி மாதிரி சிவப்பு, அதற்கும் கீழே பச்சை. சூடு சிவப்பில்தானே? அங்கேயே துளை என்று எழுதிக் கொடுத்தேன். கைடு சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. திங்கள்கிழமை வைவா. சீக்கிரம் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
சிவப்பு என்றால் மின்தடை எத்தனை ஓம்-மீட்டர்? எந்த ஆழம்? எந்த ஊர் எரிமலை? இன்வெர்ஷன் 1டியா (ஆழவாக்கில் மட்டும்), 2டியா (குறுக்குவெட்டு)?

சில்வர்பீச்:
இதற்கு இவ்வளவு கேள்வி எதற்கு? இருபது வருஷமாகக் கடலூர், பரங்கிப்பேட்டை பக்கம் போர்வெல்லுக்குப் பாயிண்ட் பார்க்கிறேன். ரெசிஸ்டிவிட்டி (மின்தடை) விழுந்தால் உப்புத் தண்ணீர். அவ்வளவுதான்.

பாறைப்பித்தன்:
நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வதற்கு எம்.டி. எதற்கு, ஜோசியம் போதுமே. அடிப்படைப் பாடத்தைப் படிக்காமல் இங்கே வந்து கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

கெடிலக்கரை:
பதில் தெரிந்தால் சொல்லுங்கள் சார். பையனுக்குத் திங்கள்கிழமை வைவா.

வில்லியனூர்வாசி:
மன்னிக்கவும். ஜாவாவில் ஒரு எரிமலை, கைடு கொடுத்த பயிற்சித் தரவு. 2டி. சிவப்பு 3 முதல் 8 ஓம்-மீட்டர், 300 முதல் 1,000 மீட்டர் வரை. பச்சை 40 முதல் 60. நிறப்பட்டை எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கெடிலக்கரை:
அங்கேதான் வழுக்கியிருக்கிறீர்கள். எம்.டி. படத்தில் சிவப்பு என்றால் மின்சாரம் சுலபமாகப் பாயும் இடம், வெப்பநிலை இல்லை. சுடுநீர் எரிமலைப் பாறையை அரித்து ஸ்மெக்டைட் என்ற களிமண்ணாக்குகிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது அந்தக் களிமண். ஏறக்குறைய 180 டிகிரியைத் தாண்டினால் அது மெல்ல இல்லைட், குளோரைட் என்ற வேறு கனிமங்களாக மாறும். மின்தடை திரும்ப ஏறும். ஆகவே உங்கள் சிவப்புச் சட்டி வெறும் மூடி. நமக்கு வேண்டிய சுடுநீர்த் தேக்கம் பெரும்பாலும் அதற்குக் கீழே, அந்தப் பச்சையில். சட்டி எங்கே மேலே குவிந்திருக்கிறதோ, அங்கேதான் சூடு மேலேறி வந்திருக்க வாய்ப்பு.

சில்வர்பீச் அண்ணன் சொல்வது கடற்கரைக்குச் சரி. 300 மீட்டரில் சட்டி வடிவத்தில் உப்புத் தண்ணீர் நிற்காது.

சில்வர்பீச்:
நிற்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நீங்கள் இறங்கிப் பார்த்தீர்களா?

முந்திரிக்காடு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். குறிஞ்சிப்பாடி பக்கம் எங்கள் போர் 300 மீட்டர். மார்கழி விடியற்காலையில் தண்ணீரில் ஆவி பறக்கிறது. நம் ஊருக்கு அடியிலும் எரிமலை இருக்குமோ?

பாறைப்பித்தன்:
கடலூர் மணற்கல் படிவப் பாறை. எரிமலையாம்!

கெடிலக்கரை:
கிலோமீட்டருக்குச் சுமார் 30 டிகிரி என்று வைத்தால் 300 மீட்டருக்கு 9. மேலே சராசரி 28. ஆக 37. மார்கழிக் குளிரில் அது ஆவியாகத் தெரியும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலிருந்து இறைக்கும் தண்ணீரும் இதே கதைதான்.

முந்திரிக்காடு:
37 என்றால் குளிக்கச் சரி, கரண்டுக்கு ஆகாது. பாறைப்பித்தன் சார், எல்லாம் தெரிந்தவர்களுக்கு ஐஸ்லாந்தின் கிராப்லா எரிமலை தெரியுமா? 2009-இல் 4,500 மீட்டர் போகத் திட்டமிட்டு, சுமார் 2,100-இலேயே மாக்மாவில் (உருகிய பாறையில்) இடித்து நின்றார்கள். அங்கேயும் சர்வே செய்யாமலா துளைத்தார்கள்?

பாறைப்பித்தன்:
அது வேறு விஷயம்.

முந்திரிக்காடு:
எப்போதும் வேறு விஷயம்தான்.

கெடிலக்கரை:
வில்லியனூர்வாசி, ஒன்று மறந்துவிட்டேன். களிமண் எப்போதோ உண்டானதாக இருக்கலாம். அடியில் சூடு ஆறியிருந்தாலும் சட்டி படத்தில் அப்படியே நிற்கும். வெந்நீர் ஊற்றின் வேதியியல், ஆழமில்லாத துளையில் எடுத்த வெப்பநிலை ஏதாவது கையில் இருக்கிறதா?

...

வில்லியனூர்வாசி:
வைவா முடிந்தது. "மூடி பழசாக இருந்தால்?" என்றுதான் முதல் கேள்வி. ஊற்றுத் தரவு கேட்க வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். நன்றி.

முந்திரிக்காடு:
வாழ்த்துகள் தம்பி. நேற்று எங்கள் போரில் தெர்மாமீட்டர் விட்டேன். 36.